தொகுப்பு மேலாளர் ஆவணங்களில் தெளிவு: சிஞ்ச்வட் வாசகரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

நிரலாக்க மொழி ஒன்றில் வேலை செய்பவர் எவரும் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிப் பொதுவில் வைத்த நிரல்களைத் தம் கணினிக்குக் கொண்டுவந்து, அவற்றின்மீது தம் நிரலைக் கட்டுகிறார். அவ்வாறு பகிரப்படும் நிரல் அலகு தொகுப்பு எனப்படும். தொகுப்புகளைத் தேடி, இறக்கி, நிறுவி, புதுப்பித்து, வேண்டாதபோது நீக்கும் கருவி தொகுப்பு மேலாளர் எனப்படும். நிரலர்களின் பேச்சில் இது ‘பேக்கேஜ் மேனேஜர்’. பைத்தான் மொழிக்குப் பிப், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு என்பிஎம், ரஸ்ட்டுக்குக் கார்கோ, பிஎச்பிக்குக் கம்போசர் என மொழிதோறும் ஒன்றோ பலவோ உண்டு. இக்கருவிகளின் ஆவணங்கள் எவ்வாறு வளர்ந்து வந்துள்ளன, எங்கே தெளிவாக நிற்கின்றன, எங்கே வாசகரைக் கைவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் வினா.

தெளிவு என்பது ஒருவருக்குத் தெளிவாக இருப்பதுதான் என்பதால், அதை அளக்க ஒரு வாசகர் வேண்டும். இக்கட்டுரை அவரைப் புணேயை அடுத்த சிஞ்ச்வட்டில் வைத்துப் பார்க்கிறது. 1982இல் அமைந்த பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் வாகனத் தொழிற்சாலைகளும் உதிரிபாக ஆலைகளும் பொறியியல் கல்லூரிகளும் நெருங்கியிருக்கின்றன. பக்கத்து ஹிஞ்சவாடியில் ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்கா இயங்குகிறது. வீட்டில் மராத்தியோ இந்தியோ தமிழோ பேசி, கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்து, நிறுவனத்தின் கட்டுப்படுத்தப்பட்ட வலையமைப்புக்குள் அமர்ந்து நிரல் எழுதுபவர் இப்பகுதியில் சாதாரணமாகக் காணக்கூடியவர். ஆனால் ஆவணங்கள் பெரும்பாலும் மனத்தில் கொள்ளும் வாசகரோ ஆங்கிலத்தில் தடுமாற்றமின்றி வாசிப்பவர், சொந்தக் கணினியையும் தடையற்ற இணைய இணைப்பையும் உடையவர். இவ்விருவருக்கும் இடையிலான தொலைவை ஆவணம் எந்த அளவுக்குக் குறைக்கிறது என்பதே இங்கு அளவுகோல்.

2. கருவியின் வேலையும் ஆவணத்தின் கடமையும்

நிறுவும் கட்டளை ஒற்றை வரிதான். அதன் பின்னால் நான்கு செயல்கள் நடக்கின்றன. முதலாவதாக, கருவி ஒரு களஞ்சியத்தை, அதாவது தொகுப்புகள் சேமித்து வைக்கப்பட்டுள்ள வழங்கியை, அணுகுகிறது. இரண்டாவதாக, கேட்கப்பட்ட தொகுப்பு தன் பங்குக்கு வேறு எந்தத் தொகுப்புகளை நம்பியிருக்கிறது என்று பார்க்கிறது. இவை சார்புகள் எனப்படும். மூன்றாவதாக, எல்லாச் சார்புகளின் நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறும்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிப்பைத் தேர்ந்தெடுக்கிறது; இதற்குச் சார்புத் தீர்வு என்று பெயர். நான்காவதாக, தேர்ந்தெடுத்தவற்றைக் கணினியின் ஏதோ ஓரிடத்தில் எழுதி வைக்கிறது. பல கருவிகள் தீர்வின் முடிவைப் பூட்டுக் கோப்பு என்னும் தனிக் கோப்பில் பதிந்துவைத்து, வேறு கணினியிலும் அதே பதிப்புகள் நிறுவப்பட வழிசெய்கின்றன.

சிஞ்ச்வட்டின் வாகன ஆலையில் ஒவ்வொரு வண்டிக்கும் பாகப் பட்டியல் ஒன்று இருப்பதுபோல, மென்பொருளுக்கு இந்தப் பூட்டுக் கோப்பு அமைகிறது. இது வெறும் ஒப்புமையாக நின்றுவிடவில்லை: இந்திய அரசின் கணினி அவசரநிலை நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2024 அக்டோபரில் மென்பொருள் பாகப் பட்டியல் குறித்த தொழில்நுட்ப வழிகாட்டுதல்களை வெளியிட்டபோது, எந்த மென்பொருளுக்குள் எந்தக் கூறு எந்தப் பதிப்பில் உள்ளது என்று எழுதிவைப்பது நிர்வாகக் கடமையாகவும் பார்க்கப்படலாயிற்று.

மேற்கண்ட நான்கு செயல்களும் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதால், ஆவணம் நான்கு வினாக்களுக்கு விடை சொல்லியாக வேண்டும்: எது மாறும், எங்கே மாறும், இந்தப் பதிப்பு ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது, பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது. கட்டளைகளையும் அவற்றின் தெரிவுகளையும் அகரவரிசையில் அடுக்கித் தருவதால் மட்டும் இவற்றுள் ஒன்றுக்கும் விடை கிடைத்துவிடாது.

3. வளர்ச்சியின் படிகள்

பெர்ல் மொழிக்காக 1995இல் தொடங்கிய சிபேன் களஞ்சியம் இத்துறையின் முன்னோடி. பெர்ல் நிரலுக்குள்ளேயே விளக்கத்தை எழுதிவைக்கும் ‘பாட்’ என்ற வடிவம் ஏற்கெனவே இருந்ததால், தொகுப்பும் அதன் ஆவணமும் ஒன்றாகவே பயணம் செய்தன. பைத்தானின் பைபிஐ களஞ்சியம் 2003இல் வந்தது. அதிலிருந்து நிறுவுவதற்கான பிப் கருவியை இயன் பிக்கிங் 2008இல் உருவாக்கினார். அதே 2008இல் கியோர்க் பிராண்டல் வெளியிட்ட ஸ்பிங்ஸ் என்னும் ஆவணமாக்கக் கருவியும் 2010இல் தொடங்கிய ரீட் த டாக்ஸ் சேவையும் தொண்டார்வத் திட்டங்களுக்கு ஆவணம் வெளியிடும் வசதியை எளிதாக்கின. என்பிஎம் 2010இல் பிறந்தது.

ரஸ்ட் மொழியின் நிலை வேறு. 2015 மே மாதம் முதல் நிலைப்பதிப்பு வெளியானபோதே கார்கோவும் உடன் இருந்தது. மொழிக்கு ஒரே தொகுப்பு மேலாளர், அதற்கு ஒரே அதிகாரபூர்வ நூல் என்ற ஒழுங்கு அமைந்தது. தொடக்க அறிமுகம், வழிகாட்டி, குறிப்புரை, கட்டளைகள், கலைச்சொற்பட்டியல் என்று அந்நூல் பகுக்கப்பட்டுள்ளது. இத்தெளிவில் எழுத்தின் பங்கு இருப்பினும், வாசகர் முன் பல கருவிகள் போட்டியிடாமல் இருப்பதன் பங்கும் அதற்குக் குறைவில்லை.

கோ மொழியில் ஆவணம் கருவிக்கு முன்பே நடந்தது எனலாம். 2018இல் ரஸ் காக்ஸ் தொடர் கட்டுரைகள் வாயிலாக, எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றும் பதிப்புகளுள் மிகக் குறைந்ததையே தேர்வது என்ற விதியை முன்வைத்து, அதன் காரணங்களை வாதிட்ட பின்னரே அவ்வாண்டு ஆகஸ்டில் கோ 1.11 பதிப்பில் அவ்விதியைக் கொண்ட மாட்யூல் முறை சோதனை வடிவில் இடம்பெற்றது. ‘இந்தப் பதிப்பு ஏன்?’ என்ற வினாவுக்குச் சில வாக்கியங்களில் விடை சொல்லிவிடக்கூடிய விதி என்பதால், அதை விளக்கும் ஆவணத்துக்கும் சுமை குறைந்தது.

ஆவணத்தின் அறிவுரை காலத்துக்கேற்ப மாறவும் வேண்டும். செயலிக்குப் பூட்டுக் கோப்பைச் சேமித்து வை, நூலகத்துக்கு வேண்டாம் என்று நெடுங்காலம் சொல்லிவந்த கார்கோ குழு, 2023 ஆகஸ்டில் அந்த அறிவுரையைத் தளர்த்தி, திட்டத்தின் தேவைக்கேற்ப முடிவுசெய்யலாம் என்று அறிவித்து, மாற்றத்தின் காரணத்தையும் எழுதிவைத்தது. பழைய அறிவுரையைச் சத்தமின்றி அழித்துவிட்டுப் புதியதை வைப்பதைவிட இதுவே நேர்மையான முறை; பழைய பாடத்தைப் படித்துவிட்டு வருபவருக்கும் முரண்பாடு விளங்கிவிடுகிறது.

4. நால்வகை எழுத்து

தொழில்நுட்ப ஆவணங்களைப் பகுக்க இன்று அதிகம் எடுத்தாளப்படும் சட்டகம் டானியேல் புரோசிடா வகுத்த டயாடாக்ஸிஸ். கற்பவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பாடம், குறிப்பிட்ட வேலையை முடிக்க உதவும் செய்முறை, விவரங்களைத் துல்லியமாகப் பதியும் குறிப்புரை, பின்னணியையும் காரணத்தையும் சொல்லும் விளக்கம் என்று நான்காக அது பிரிக்கிறது. நான்கையும் ஒரே பக்கத்தில் கலப்பதே குழப்பத்தின் பிறப்பிடம் என்பது அதன் அடிப்படை வாதம். பைத்தான் தொகுப்பாக்கப் பயனர் வழிகாட்டியும் பாடங்கள், வழிகாட்டிகள், விவாதங்கள், வரையறைகள் எனக் கிட்டத்தட்ட இதே பகுப்பைக் கொண்டுள்ளது.

இச்சட்டகம் பயனுள்ளதே ஆயினும், தொகுப்பு மேலாளருக்கு அது முழுமையாகப் போதாது. படத்தொகுப்பு மென்பொருளின் ஆவணத்தைத் திறப்பவர் பெரும்பாலும் ஏதேனும் கற்க வருகிறார். தொகுப்பு மேலாளரின் ஆவணத்தைத் திறப்பவர் பெரும்பாலும் ஏதோ உடைந்துபோனதால் வருகிறார். அவருடைய நோக்கம் வேறு வேலை; நிறுவல் அந்த வேலைக்கு நடுவே வந்த தடை. ஆகவே அறிகுறியிலிருந்து காரணத்துக்கும், காரணத்திலிருந்து தீர்வுக்கும் செல்லும் ஐந்தாவது வழி ஒன்று தேவைப்படுகிறது. திரையில் தோன்றிய பிழைச்செய்தியை அப்படியே தேடினால் சரியான பக்கம் கிடைக்கவேண்டும் என்பது இந்த வழியின் முதல் நிபந்தனை.

5. பிப்: ஓர் எடுத்துக்காட்டு

ஆவணமும் வடிவமைப்பும் ஒன்றையொன்று எவ்வளவு பாதிக்கின்றன என்பதைப் பிப் கருவியின் வரலாற்றில் நன்கு காணலாம். 2014இல் வெளியான பைத்தான் 3.4 முதல் பிப் மொழியுடனேயே வழங்கப்பட்டது. எனவே முன் அனுபவம் எதுவும் இல்லாத மாணவரும் அதன் பயனராயினர். ஆனால் அதன் பழைய தீர்வுமுறை, ஒரு தொகுப்புக்கு முதலில் எதிர்ப்படும் நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு, பின்னர் வரும் நிபந்தனையோடு அது முரண்பட்டாலும் நிறுவலை முடித்துவிடக்கூடியதாக இருந்தது. நிறுவல் வெற்றி என்று கருவி சொல்லும், நிரல் ஓடாது. இந்நிலையை எந்த ஆவணத்தாலும் தெளிவாக்க இயலாது.

இதைச் சரிசெய்யும் முயற்சியில் இந்தியாவைச் சேர்ந்த பிரத்யுன் கெடம் 2017இல் கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தின்கீழ் பணியாற்றி, பின்னர் பிப் பராமரிப்பாளர்களுள் ஒருவராக விளங்கினார். மொசில்லாவும் சான் சக்கர்பெர்க் அமைப்பும் வழங்கிய நிதியின் துணையோடு புதிய தீர்வுமுறை நிறைவேறி, 2020 நவம்பரில் பிப் 20.3 பதிப்பில் இயல்பு நிலையாயிற்று. அப்பணியில் பயனர் அனுபவ ஆய்வும் ஓர் அங்கமாக இருந்தது. பயனர்கள் பிழைச்செய்தியை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று அவர்களிடமே விசாரித்து, அதற்கேற்ப வாசகங்கள் திருத்தப்பட்டன. புதிய முறை ஏன் சில வேளைகளில் நிறுவ மறுக்கிறது, ஏன் ஒரே தொகுப்பின் பல பதிப்புகளை இறக்கிப் பார்க்கிறது என்று தனிப்பக்கங்களும் எழுதப்பட்டன. இன்றைய பிப் ஆவணத்தில் கட்டளைக் குறிப்புரைக்கு வெளியே, சார்புத் தீர்வு, மீண்டும் அதேபோல் நிறுவுதல், பாதுகாப்பாக நிறுவுதல், இணையச் சான்றிதழ்கள் எனப் பொருள்வாரியான பகுதி உள்ளது. அவ்வாவணத்தின் தோற்றத்தை அமைக்கும் ஃபியூரோ வார்ப்புருவை உருவாக்கியவரும் கெடமே.

இரண்டு நுண்ணிய விவரங்கள் இவ்வாவணத்தின் நிறையையும் குறையையும் காட்டும். ஒரு கணினியில் பல பைத்தான்கள் இருக்கும்போது ‘பிப்’ என்ற கட்டளை எந்தப் பைத்தானுக்கு உரியது என்பது வெளிப்படையாகத் தெரியாது. ஆகவே ஆவணம் பிப்பைப் பைத்தான் வழியாக, ‘பைத்தான் -எம் பிப்’ என்று அழைக்கும் நீண்ட வடிவத்தை இயங்குதளவாரியாகத் தருகிறது. ‘எங்கே மாறும்’ என்ற வினாவுக்குக் கட்டளையே விடையாகிவிடுவதால் இது நல்ல எழுத்து. மறுபுறம், நிறுவும் பெயரும் நிரலுக்குள் அழைக்கும் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் பைத்தானில் இல்லை. தமிழ் எழுத்துகளைக் கையாள உதவும் ஓப்பன்-தமிழ் தொகுப்பை அப்பெயரில் நிறுவி, நிரலுக்குள் ‘தமிழ்’ என்ற பெயரில் அழைக்கவேண்டும். இந்த வேறுபாட்டைப் பைத்தான் தொகுப்பாக்கப் பயனர் வழிகாட்டியின் கலைச்சொற்பட்டியல் துல்லியமாக வரையறுக்கிறது. ஆனால் அது தேவைப்படும் புதியவர் கலைச்சொற்பட்டியலை அறியாதவர். வரையறை சரியாக இருப்பது மட்டும் போதாது, இடறும் இடத்திலேயே அது கிடைக்கவும் வேண்டும்.

6. பிழைச்செய்தியே முதல் ஆவணம்

கையேட்டைத் திறக்காதவரும் பிழைச்செய்தியை வாசித்தே ஆகவேண்டும். இதை அடிப்படையாகக் கொண்டு எழுந்த முயற்சிகளுள் முதன்மையானது, டார்ட் மொழியின் பப் கருவிக்காக நடாலி வைசன்பாம் 2018இல் வெளியிட்ட பப்க்ரப் என்னும் தீர்வுமுறை. முரண்பாட்டுக்கான காரணச் சங்கிலியைத் தீர்வு தேடும்போதே அது சேர்த்துவைப்பதால், தோல்வியில் முடிந்தால், ‘இந்தத் தொகுப்பு அதை வேண்டுகிறது, அதுவோ இன்னொன்றோடு சேராது, ஆதலால் உங்கள் கோரிக்கையை நிறைவேற்ற இயலாது’ என்ற வரிசையில் மனிதர் பின்தொடரத்தக்க விளக்கத்தை அதனால் தரமுடிகிறது. ரூபி மொழியின் பண்ட்லரும், பைத்தானுக்காக 2024இல் வந்த யூவி கருவியும் இம்முறையைப் பின்பற்றுகின்றன. நன்றாக விளக்கும் திறனை நிரல்முறையிலேயே வைத்திருப்பதால், ஆவணம் எழுதுவது இங்கே வடிவமைப்பின் ஒரு பகுதியாகிவிட்டது.

இதன் மற்றோர் எடுத்துக்காட்டு பைத்தானின் 668ஆம் எண் மேம்பாட்டு முன்மொழிவு. லினக்ஸ் இயங்குதளம் தன் வேலைக்காக வைத்திருக்கும் பைத்தானில் பிப் கொண்டு கைவைத்தால் இயங்குதளமே பழுதாகக்கூடும். இம்முன்மொழிவை ஏற்ற டெபியன் 12 போன்ற வெளியீடுகளில் 2023 முதல் பிப் அவ்வாறு நிறுவ மறுத்து, மாற்று வழிகளைத் திரையிலேயே சொல்கிறது: இயங்குதளத்தின் சொந்தத் தொகுப்பை நிறுவலாம், அல்லது மெய்நிகர் சூழல், அதாவது ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியே ஒதுக்கப்படும் பைத்தான் இடம், ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவலாம். பழைய பாடங்களைப் பின்பற்றிய பலருக்கு இது எரிச்சலூட்டியது உண்மை. ஆயினும் மறுப்பு, காரணம், மாற்று வழி ஆகிய மூன்றையும் ஒருங்கே தருவதில் இச்செய்தி முன்மாதிரியாகவே அமைந்துள்ளது.

7. கொள்கையும் பாதுகாப்பும்

2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரித் தொகுப்பை அதன் ஆசிரியர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதை நேரடியாகவோ மறைமுகமாகவோ நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்களின் கட்டமைப்பு நின்றுபோயிற்று. தொகுப்பை யார், எப்போது, எந்த நிபந்தனையில் நீக்கலாம் என்ற கொள்கையும் ஆவணத்தின் பகுதியே என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. கார்கோவில் வெளியான பதிப்பை ஆசிரியர் விலக்கிவைக்கலாமே தவிர பொதுவாக அழிக்க முடியாது. ஏற்கெனவே தம் பூட்டுக் கோப்பில் அதைப் பதிந்துள்ளோருக்கு அது தொடர்ந்து கிடைக்கும். இவ்வேறுபாட்டை ஆவணம் நேராகச் சொல்கிறது.

சிஞ்ச்வட், ஹிஞ்சவாடி அலுவலகங்களைப் போன்ற சூழலுக்கு இன்னும் நெருக்கமானது தனிக் களஞ்சியச் சிக்கல். 2021 பிப்ரவரியில் அலெக்ஸ் பிர்சன் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர், நிறுவனங்கள் உள்ளுக்குள் பயன்படுத்தும் தொகுப்பின் பெயரிலேயே பொதுக் களஞ்சியத்தில் வேறொன்றை ஏற்றினால், கருவி அதை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு என்று காட்டினார். பிப் ஆவணம் கூடுதல் களஞ்சிய முகவரியைச் சேர்க்கும் தெரிவின் அருகிலேயே, தனியார் தொகுப்புகளுக்கு அதைப் பயன்படுத்துவது பாதுகாப்பற்றது என எச்சரிக்கிறது. எச்சரிக்கை தொலைவில் உள்ள பாதுகாப்பு அத்தியாயத்தில் இல்லாமல் தெரிவின் பக்கத்திலேயே நிற்பதுதான் இங்குச் சிறப்பு.

நிறுவன வலையமைப்புகளில் இடையில் நிற்கும் வழங்கி தன் சொந்தச் சான்றிதழை முன்வைக்கும்போது, அதை அறியாத பிப் இணைப்பை மறுத்துவந்தது. அவ்வேளையில் சரிபார்ப்பையே தவிர்க்கும் தெரிவைச் சேர்க்குமாறு சகபணியாளர்கள் சொல்லிக்கொடுப்பது பரவலான பழக்கம். வேலை முடியும், பாதுகாப்பு போய்விடும். 2024 ஜூலையில் வெளியான பிப் 24.2, பைத்தான் 3.10 முதலான பதிப்புகளில் இயங்குதளத்தின் சான்றிதழ்க் கிடங்கை இயல்பாகவே நம்பத் தொடங்கியது. நிறுவனச் சான்றிதழ் கணினியில் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் சிக்கல் எழுவதே இல்லை. ஆண்டுக்கணக்காக விளக்கவேண்டியிருந்த ஒன்று வடிவமைப்பு மாற்றத்தால் விளக்கத் தேவையற்றதாயிற்று.

8. மொழி என்னும் வினா

தொகுப்பு மேலாளரின் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருப்பதை மாற்ற வேண்டியதில்லை. அவற்றின் விளக்கமும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம் இதற்கு நல்ல முன்னுதாரணம். திரையில் ஆங்கிலக் கட்டளைகளை அப்படியே வைத்துக்கொண்டு, குரல் விளக்கத்தை மட்டும் தமிழ், மராத்தி உள்ளிட்ட இந்திய மொழிகளில் தருகிறது. லினக்ஸ் பாடங்களில் சைனாப்டிக் என்ற தொகுப்பு மேலாளருக்கும் இடமளித்துள்ளது. பாடத்தின் எழுத்துவடிவம் புதியவர் ஒருவரால் சோதிக்கப்பட்ட பின்னரே அடுத்த கட்டத்துக்குச் செல்லும் என்ற அதன் நடைமுறை, எல்லா ஆவணக் குழுக்களும் பின்பற்றத்தக்கது. தமிழில் 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளையும் ‘எளிய தமிழில்’ நூல்வரிசையையும் பகிரும் உரிமத்துடன் வெளியிட்டு, தமிழில் இத்தகைய விளக்கம் இயலும் என்று காட்டியுள்ளது.

ஆயினும் இம்முயற்சிகள் கருவிக்கு வெளியே நிற்பவை. பிப்பின் செய்திகள் ஆங்கிலத்திலேயே வருகின்றன. இதற்கு விதிவிலக்காக ஒரு சிறு வாயில் திறந்திருப்பது கவனத்துக்குரியது. மேலே கண்ட 668ஆம் முன்மொழிவின்படி, மறுப்புச் செய்தியின் வாசகத்தை இயங்குதள வெளியீட்டாளர் ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதிவைக்கிறார். பயனரின் மொழிக் குறியீட்டுடன் கூடிய வாசகம் அதில் இருந்தால் கருவி அதையே முதலில் காட்ட வேண்டும். தமிழுக்கும் மராத்திக்கும் தனித்தனி வாசகம் சேர்க்கத் தரநிலை இடமளிக்கிறது; நிரலில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்புக்கு முன்பே, ஆங்கில மூலத்தை எளிமையாக்கும் பொறுப்பும் உண்டு. குறும்புப் பெயர்கள், அமெரிக்கப் பேச்சுவழக்கு, ‘வெறுமனே இதைச் செய்தால் போதும்’ என்ற தோரணை ஆகியவை ஆங்கிலத்தை இரண்டாம், மூன்றாம் மொழியாகக் கற்றவரை வெளியே நிறுத்துகின்றன. ஒரு கருத்துக்கு ஒரே சொல்லை ஆவணம் முழுவதும் பயன்படுத்துவது இவ்வாசகருக்குச் செய்யும் பேருதவி.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, தொகுப்பு மேலாளரின் ஆவணம் கட்டளைப் பட்டியலாக இருப்பதைவிட, எது, எங்கே, ஏன், எப்படித் திரும்புவது என்ற நான்கு வினாக்களுக்கு விடையாக அமையும்போதே தெளிவு பெறுகிறது. இரண்டாவதாக, பிழைச்செய்தி, கலைச்சொல் வரையறை, எச்சரிக்கை ஆகியவை வாசகர் இடறும் இடத்திலேயே கிடைக்கவேண்டும். மூன்றாவதாக, ஒரே விளக்கத்தை ஆவணம் ஆண்டுக்கணக்கில் திரும்பத்திரும்பச் சொல்ல நேருமானால், திருத்தப்படவேண்டியது எழுத்து அன்று, கருவி; பிப்பின் தீர்வுமுறையும் சான்றிதழ் மாற்றமும் இதற்குச் சான்று. ஆகவே ஆவணம் எழுதுபவரைக் கருவி முடிந்தபின் அழைக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும்.

இந்தியச் சூழலில் உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிஞ்ச்வட்டிலும் கோவையிலும் சென்னையிலும் உள்ள பொறியியல் கல்லூரிகள், தம் மாணவர்களின் பயிற்சித் திட்டங்களில் ஒன்றாக, லினக்ஸ் வெளியீடுகளின் மறுப்புச் செய்தியைத் தமிழிலும் மராத்தியிலும் எழுதி, புதியவர்களிடம் வாசிக்கக் கொடுத்துத் திருத்தி, அவ்வெளியீடுகளுக்கு அனுப்பிவைக்கலாம். அதற்குத் தேவையானவை சில வாக்கியங்களும் ஓர் உரைக்கோப்பும் மட்டுமே.